கீஸ்டோன் குழாய்க்கு வாக்களித்த செனட்டர்: யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு எண்ணெய் கொண்டுவர வகுக்கப்பட்டு, 2021-இல் கைவிடப்பட்ட கீஸ்டோன் எக்ஸ்.எல். எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் ஒரு அமெரிக்க செனட்டர் தன் மாநில மக்களுக்காக நின்றாரா என்று அறிய, இறுதி வாக்கு மட்டும் போதாது. செனட்டின் இணையதளத்தில் பெயர்வாரி வாக்குப் பட்டியலை எடுத்து, முதலில் மேலே இருக்கும் கேள்வி வரியைப் படியுங்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

2015 ஜனவரியில் குழாய் மசோதாவுக்கு இரண்டு திருத்தங்கள் வந்தன. குழாயில் வரும் எண்ணெய் உள்நாட்டிலேயே விற்கப்பட வேண்டும் என்றது செனட்டர் எட் மார்க்கியின் திருத்தம். அமெரிக்க இரும்பையே பயன்படுத்த வேண்டும் என்றது செனட்டர் அல் ஃபிராங்கனுடையது. வாக்கெடுப்பு நடந்தது அவற்றை ஒதுக்கிவைப்பதா என்ற கேள்வியின் மேல். ஆகவே அங்கே 'ஆம்' என்றால் திருத்தத்துக்கு எதிர்ப்பு. வேலைவாய்ப்புக்காகவே குழாயை ஆதரிப்பதாகச் சொன்னவர் இரும்புத் திருத்தத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

பெரும்பான்மை கிடைத்தும் மசோதா தோற்கலாம். 2014 நவம்பர் 18-இல் 59–41, தேவைப்பட்டது 60. 2015 மார்ச் 4-இல் அதிபர் ஒபாமாவின் வீட்டோவை (மறுப்பாணையை) முறியடிக்க 62–37. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

அடுத்தது வேலைக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2014 ஜனவரி அறிக்கை சொன்ன 42,100 வேலைகளில் மறைமுக வேலைகளும், சம்பளம் செலவாவதால் கடைகளிலும் விடுதிகளிலும் உருவாகும் வேலைகளும் அடக்கம். அந்த அறிக்கையில் ஒரு வேலை என்பது ஓராண்டு வேலை. நேரடிக் கட்டுமானம் 3,900. பணி இரண்டாண்டு நீண்டால் ஆண்டுக்கு 1,950. கட்டி முடித்த பிறகு மிஞ்சுவது 50: நிரந்தரம் 35, ஒப்பந்தம் 15. விளம்பரத்தில் வரும் எண் இவற்றில் எது என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

பிறகு வரைபடத்தை விரியுங்கள். குழாய்க்கான சொத்து வரி, குழாய் ஓடும் கவுண்டிகளுக்குத்தான் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற பிரிவுகள்) போகும். எக்ஸ்.எல். பாதை மொன்டானா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா வழியாகப் போகவிருந்தது. 2014 மசோதாவை முன்னின்று தள்ளிய மேரி லாண்ட்ரூவின் லூசியானா அதில் இல்லை. அவருடைய மாநிலத்துக்கு லாபம் தேட வேண்டிய இடம் சுத்திகரிப்பு ஆலைகளும் எண்ணெய்த் தொழில் ஒப்பந்தங்களும்தான். வரி கிடைக்கும் கவுண்டிகளிலும் முதலாண்டுத் தொகையை ஆண்டுகளால் பெருக்காதீர்கள். தேய்மானத்தால் குழாயின் மதிப்பும் வரியும் குறையும்.

நெப்ராஸ்காவில் இன்னொரு பத்தி போடுங்கள்: நிலம். நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரத்தை எதிர்த்து விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். வழியுரிமைக்கு, அதாவது நிலத்தில் குழாய் பதிக்கும் உரிமைக்கு, கிடைப்பது ஒருமுறைப் பணமா, கசிந்தால் பொறுப்பு யாருக்கு, கைவிட்ட குழாயை யார் தோண்டி எடுப்பது என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். இந்த மூன்றும் வேலைக் கணக்கில் வரவே வராது.

செனட்டர் பெற்ற தேர்தல் நன்கொடையை அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் பதிவுகளில் பார்க்கலாம். நிறுவனம் வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை. எனவே நிறுவனத்தின் அரசியல் நிதிக்குழுவின் பெயரிலும், தனிநபர் நன்கொடையில் 'பணியளிப்பவர்' என்ற பகுதியிலும் தேடுங்கள். எண்ணெய் மாநிலத்தில் சாதாரணத் தொழிலாளியும் நன்கொடை தருவார் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

மொன்டானா செனட்டராக இருந்த ஜான் டெஸ்டர் ஆதரித்து வாக்களித்தார். அங்கே பேக்கர் என்ற ஊரில் உள்ளூர் எண்ணெயையும் குழாயில் நாளுக்கு 1,00,000 பேரல் வரை ஏற்றும் திட்டம் இருந்தது. எண்ணெய் ரயில்களின் நெரிசலில் கோதுமைச் சரக்கும் தாமதப்பட்டுக்கொண்டிருந்தது. அவருடைய 'ஆம்' வாக்கை லூசியானாவின் தராசில் நிறுக்க முடியாது.