அடங்கி மீண்டும் கிளம்பும் ரேடியோ கேலக்ஸிகளை வீட்டிலிருந்தே தேடுவது எப்படி

கடலூர் முதுநகரில் வானம் பார்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை வந்தால் தொலைநோக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டியதுதான். மழை விட்ட இரவிலும் கடல் ஈரம் லென்ஸில் படிந்துவிடும். அந்த மாதங்களில் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தத் தேடலைச் சொல்லித் தருகிறேன். ரேடியோ தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு லேப்டாப், ஒரு நோட்டு, லாக் போடும் கால்குலேட்டர் போதும்.

பெரிய கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளைக்குள் வாயு விழும்போது, சில சமயம் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகள் கிளம்பும். அவை லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம் போய் மடல்களாகப் பரவி ரேடியோவில் ஒளிரும். வாயு வரத்து குறைந்தால் தாரை நின்றுவிடும். பிறகு மறுபடி தொடங்கினால், மங்கிவரும் பழைய மடல்களுக்கு நடுவே புதிதாக ஒரு ஜோடி முளைக்கும். அந்த இரண்டு தலைமுறையையும் ஒரே படத்தில் பிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் கண்ணைப் பழக்க வேண்டும். நாசாவின் ஸ்கைவியூ தளத்துக்குப் போய் ஜே1453+3308 என்ற கேலக்ஸியை எடுங்கள். 14 மணி 53 நிமிடம், +33 பாகை 08 கலை என்று வானத்தில் அது இருக்கும் இடம் பெயரிலேயே இருக்கிறது (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). பட அகலம் 0.2 பாகை. அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கி 1400 மெகாஹெர்ட்ஸில் எடுத்த இரண்டு சர்வேக்களிலும், அதாவது பரந்த வானத்தைப் படமெடுத்த தொகுப்புகளிலும், இதைப் பாருங்கள். ஃபர்ஸ்ட் சர்வேயின் கூர்மை 5 விகலை; உள் ஜோடி அதில் தனியாகத் தெரியும். என்விஎஸ்எஸ் சர்வேயின் கூர்மை 45 விகலைதான், ஆனால் பரவலான மங்கல் ஒளியை அது விடாது. வெளி மடல்களுக்கு அதைத்தான் நம்ப வேண்டும். மூன்றாவதாக டிஜிஎஸ்எஸ். புனே அருகே 30 ஆன்டெனாக்களோடு நிற்கும் நம் ஜிஎம்ஆர்டி, 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்தது. பழைய மடல்களுக்கு இதுவே முக்கியமான சாட்சி. அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் சீக்கிரம் ஆற்றலை இழந்துவிடும். அதனால் வயதான மடல் உயர் அலைவெண்ணில் முதலில் மறையும், தாழ்ந்த அலைவெண்ணில் இன்னும் நெடுங்காலம் தெரியும்.

அப்புறம் கேலக்ஸிக் கொத்துகளுக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தனியாக இருக்கும் கேலக்ஸியில் நான்கு மடல்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். கொத்துக்குள் அதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே கேலக்ஸிகளுக்கு இடையில் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிரம்பியிருக்கிறது. அது பழைய மடலை விரிந்து கலைய விடாமல் அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான் கொத்துக்குள் பழைய மிச்சங்கள் நீண்ட நாள் தாங்குகின்றன. அதே வாயு அசைந்து மடலை ஓரமாகத் தள்ளியும் விடுகிறது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்தி மறுபடி ஓட்டினால், முன்பு வந்த புகை காற்றோடு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், புதுப் புகை நேராக எழும். ஏபெல் 2199 கொத்தின் நடுவில் இருக்கும் என்ஜிசி 6166 கேலக்ஸியில் இதைக் காணலாம். ஸ்கைவியூவில் அதன் ரேடியோ பெயரான 3சி 338 என்று தேடுங்கள். மையத்தில் குட்டையான புதுத் தாரைகள். தெற்கே, மையத்தோடு ஒட்டாமல், பழைய பட்டை ஒன்று கிடக்கும்.

உங்கள் கேலக்ஸி கொத்தில்தான் இருக்கிறதா என்பதை நெட் (NED) என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் பாருங்கள். அந்த இடத்தைச் சுற்றி 10 கலைக்குள் கொத்து பதிவாகியிருக்கிறதா, இரண்டின் செம்பெயர்ச்சியும் (தூரத்தைக் காட்டும் அளவு) ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். செம்பெயர்ச்சி 0.1 என்றால் படத்தில் 1 கலை நீளம் ஏறத்தாழ 3.6 லட்சம் ஒளியாண்டு.

இனி கணக்கு. விசியர் (VizieR) என்ற வானியல் அட்டவணைத் தளத்தில் ஒரு மடலின் டிஜிஎஸ்எஸ் ஒளி அளவையும் என்விஎஸ்எஸ் ஒளி அளவையும் எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, லாக் எடுத்து, 0.97-ஆல் (1400-ஐ 150-ஆல் வகுத்து எடுத்த லாக்) வகுங்கள். அலைவெண் ஏற ஏற ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத்தான் விடை சொல்லும். விகிதம் 5 என்றால் விடை 0.72, இது சாதாரணம். 20 என்றால் 1.34, அந்த மடலுக்கு வயதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். என்விஎஸ்எஸ்ஸின் ஒரே புள்ளிக்குள் டிஜிஎஸ்எஸ்ஸில் இரண்டு மூன்று பதிவுகள் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும். ஃபர்ஸ்ட் அளவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பரந்த ஒளியை அது தவறவிடுவதால் எந்த மடலும் கிழடாகத் தெரியும்.

சரி, விடை 1.34 வந்துவிட்டது, உடனே கொண்டாடலாமா? கூடாது. உள் ஜோடி என்று நினைத்த இரண்டு புள்ளிகளும் சம்பந்தமில்லாத தூரத்துக் கேலக்ஸிகளாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தை மேலே போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கேலக்ஸி உட்கார்ந்திருந்தால் அது ஜோடி இல்லை. இரண்டு கொத்துகள் மோதும்போது எழும் அதிர்வலையும் ஓரத்தில் நீண்ட ரேடியோ வளைவை உண்டாக்கும். அதற்கும் கருந்துளையின் பழைய தாரைக்கும் வித்தியாசம் சொல்ல இந்த மூன்று சர்வே மட்டும் போதாது. எக்ஸ் கதிர்ப் படமும் வேண்டும்.

இது வீண் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஸ்பெகாவைக் காட்டுவேன். 2011-இல் வானியலாளர் ஆனந்த ஹோதாவின் குழு, இதே என்விஎஸ்எஸ், ஃபர்ஸ்ட் படங்களோடு ஜிஎம்ஆர்டி தரவையும் வைத்து அறிவித்த சுருள் கேலக்ஸி அது. கொத்தில் இருக்கிறது, தாரை கிளம்பி அடங்கிய தடங்கள் அதில் உண்டு. 2013-இல் அவர் தொடங்கிய ராட்@ஹோம் திட்டத்தில் பொதுமக்களும் சேர்ந்து தேடுகிறார்கள். உங்கள் நோட்டில் இடம், செம்பெயர்ச்சி, மூன்று சர்வே அளவுகள், நீங்கள் விலக்கிய சந்தேகங்கள் எல்லாம் எழுதியிருந்தால் அங்கே கொண்டு போங்கள். அதற்கு முன் அந்தக் கேலக்ஸியைப் பற்றி ஏற்கெனவே வந்த கட்டுரைகளின் பட்டியலை அதே நெட் தரவுத்தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.