பேனா கடைவோர் பசையிலும் பெயிண்டிலும் செய்யும் தவறுகள்

மரக்கட்டையில் துளையிட்டு, அதற்குள் பித்தளைக் குழாயை ஒட்டி, லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் கடைந்து பேனா செய்கிறோம். கடைந்து முடித்த பேனா பிளந்தால் உளியைக் குறை சொல்கிறோம், உள்ளே பித்தளைக் குழாய் கழன்று சுற்றினால் மரத்தைக் குறை சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கராஜில் லேத் போட்டிருப்பவர்கள் என்னிடம் காட்டும் பழுதுகளில் முக்கால்வாசி, லேத்தை ஓட விடுவதற்கு முன்பே நடந்தவை. பசை போட்டதில்தான் கோளாறு.

குழாய் பளபளவென்று வரும். அந்தப் பளபளப்பில் பசை பிடிக்காது. 150 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனால் துடையுங்கள். அப்புறம் விரல் படக்கூடாது. தம்போட்டி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மரமென்றால் துளைக்குள்ளும் ஒரு முறை துடைக்க வேண்டும். அந்த மரத்தின் மிச்சத் துண்டுகளைப் பிராய் (இறைச்சி சுடும்) நெருப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் புகை பட்ட இறைச்சியைத் தின்றால் வயிறு படாதபாடு படும்.

அடுத்த தவறு, குழாய் ஒட்ட சூப்பர் க்ளூ. அது இறுகுவதே ஈரப்பதத்தால். நம் ஊர் ஜனவரிப் புழுக்கத்தில், குழாய் பாதி உள்ளே போகும்போதே கவ்விக்கொள்ளும். பிறகு தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. இரண்டு பாகமாக வரும் எபாக்சிப் பசைதான் என் கட்சி. இரண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, ஓரத்தில் ஒட்டியதையும் வழித்துச் சேர்த்துக் கலக்குங்கள். கலவை சரியில்லையென்றால் எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்புப் போகாது. குழாய் முனையைப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்து, திருகித் திருகி உள்ளே விடுங்கள். நேராகத் தள்ளினால் பசை முழுவதும் துளையின் வாயிலேயே வழிந்து நிற்கும். 'ஐந்து நிமிட எபாக்சி' என்று டப்பாவில் போட்டிருப்பது நமக்குக் கைவேலைக்குக் கிடைக்கும் நேரம். கடைவது மறுநாள்தான்.

சூப்பர் க்ளூவை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லதே. ஆனால் குளிர்ச்சியோடு மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம் படிந்து புட்டியே கல்லாகிவிடும்.

டர்பனில் கடைந்ததை லெனேசியாவில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்தால், ஜொகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் மரம் சுருங்கும். பித்தளை சுருங்காது. நீளவாக்கில் வெடிப்பு விழும். இதற்குப் பசையில் மருந்து இல்லை. நன்றாகக் காய்ந்த கட்டைதான் மருந்து.

மரத்துக்குப் பதில் ஒளி ஊடுருவும் ரெசின் (பிளாஸ்டிக் போன்றது) கட்டையைக் கடைந்தால் பெயிண்ட் அவசியம், இல்லாவிட்டால் பித்தளையும் பசைத் திட்டும் வெளியே தெரியும். பலரும் குழாய்க்கு மட்டும் அடிக்கிறார்கள். துளையின் உட்சுவருக்கு அடிப்பதுதான் முக்கியம், அப்போதுதான் பசை மறையும். பெயிண்ட் முழுக்கக் காயாமல் ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். சூப்பர் க்ளூ சில பெயிண்டுகளைக் கரைத்துவிடும், இங்கேயும் எபாக்சிதான். அந்த எபாக்சியிலேயே நிறம் கலப்பவர்கள் துளியளவோடு நிறுத்த வேண்டும். தண்ணீர்ப் பெயிண்டை அள்ளிக் கலந்தால் இறுகாது.

மேல்பூச்சாக சூப்பர் க்ளூ போடும்போது மெல்லிசாகப் பல முறை பூசுங்கள். அவசரப்பட்டு, இறுகவைக்கும் ஸ்பிரேயைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் குமிழியும் வெண்படலமும்தான் மிச்சம். பூசுவதற்குப் பருத்தித் துணி வேண்டாம், பருத்திக் கையுறையும் வேண்டாம். இந்தப் பசை பருத்தியில் ஊறினால் கை வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும், புகையும் வரும். டிஷ்யூ பேப்பரை மடித்துக் கொஞ்சமாகத் தொட்டுப் பூசுங்கள், கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும்.