பள்ளி மேலாண்மைக் குழுவின் கண்ணில் படாதவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வாய் திறப்பது மூன்று நான்கு பேர்தான். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

உறுப்பினர் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, பள்ளியின் ஒரு நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள். கேட்டைத் திறப்பவர், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள், கழிப்பறை கழுவும் அக்கா, ஷேர் ஆட்டோக்காரர், சத்துணவு அமைப்பாளர், சாயங்காலம் பேரனைக் கூட்டிப்போக வரும் பாட்டி. எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, கழிப்பறைக்குப் பயந்து எந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லை என்பதெல்லாம் தலைமை ஆசிரியருக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். செங்கல் சூளை சீசனில் காணாமல் போகும் பிள்ளைகள், பெயர் பதிவேட்டிலும் ஆள் வீட்டிலுமாக இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், இவர்களின் பெற்றோருக்குக் கூட்டம் நடப்பதை யாராவது நேரில் போய்ச் சொன்னார்களா? வாட்ஸ்அப் குழுவில் போட்டேனே என்பது கணக்கில் வராது.

மாலை மூன்று மணிக் கூட்டத்துக்குக் கூலி வேலையை விட்டு யாரும் வரமாட்டார்கள், வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் நீங்கள் போங்கள், ரேஷன் கடை வரிசைக்கோ நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கோ. "பள்ளி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு சார்" என்பதோடு முடிந்தது. "போன வாரம் பையன் என்றைக்கு லீவு, எதனால்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

ஒரு எச்சரிக்கை. தூய்மைப் பணியாளரைத் தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்தி "குறை சொல்லும்மா" என்று கேட்பது ஜனநாயகம் இல்லை, அவருடைய வேலைக்கு வைக்கும் வேட்டு. தனியாகக் கேளுங்கள், பெயர் சொல்லாமல் கூட்டத்தில் வையுங்கள்.

தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும் முன் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்று திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும். நிதி வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள், இரண்டாவது முறை பேசுவார்களா என்பது அதில்தான் இருக்கிறது. குழு மாறும்போது, இப்படிக் கண்டுபிடித்தவர்களின் பட்டியலையும் நோட்டோடு ஒப்படையுங்கள்.