மழைக்குப் பிறகு ஹாட் டப் ட்ரிப் ஆகிறதா? முதலில் காய விடுங்கள்

ராத்திரி முழுக்க மழை. காலையில் பார்த்தால் ஹாட் டப்பின் (வெளியே வைத்திருக்கும் வெந்நீர்க் குளியல் தொட்டியின்) திரை இருண்டு கிடக்கிறது. ஸ்விட்சைத் தூக்கினால் மறுபடி விழுகிறது. இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம். விழுவது ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) என்றால், மின்சாரம் எங்கோ ஈரத்தின் வழியாக எர்த்துக்குக் கசிகிறது. பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது இணைப்பைத் துண்டித்துவிடும். அமெரிக்க வகைக் கருவிகளுக்கு 5 மில்லி ஆம்பியரே போதும். அந்த ஸ்விட்சைத் தவிர்த்துவிட்டு நேரடியாக இணைத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

1. மின்சாரத்தை நிறுத்துங்கள். டப்புக்குப் போகும் மெயின் ஸ்விட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி டேப் ஒட்டுங்கள். ஸ்விட்ச் போர்டே நனைந்திருந்தாலோ, காலடியில் தண்ணீர் நின்றாலோ தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

2. தண்ணீர் வந்த வழியைத் தேடுங்கள். பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே எதையும் தொட வேண்டாம். ஒயர் வரும் குழாய், காற்றுத் துவாரம், பலகையின் மூலைகள் ஆகியவைதான் வழக்கமான வழிகள். முகர்ந்தும் பாருங்கள். குளோரின் வாசனை அடித்தால் அது மழைநீராக இருக்காது, டப்பின் குழாய் இணைப்பு எதுவோ ஒழுகுகிறது. பழியை மழை மீது போட்டுவிட்டு அந்த ஒழுகலைக் கோட்டை விடுவது சகஜம். கன்ட்ரோல் போர்டோ மோட்டாரோ மூழ்கியிருந்தால் உங்கள் வேலை இத்துடன் முடிந்தது, மிச்சம் எலக்ட்ரீஷியனுக்கு.

3. காய வையுங்கள். பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ஈரம் படாத இடத்திலிருந்து ஒரு மின்விசிறியை உள்பக்கம் திருப்பி, ஒன்றிரண்டு நாள் ஓட விடுங்கள். ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும். கடுங்குளிர் காலம் என்றால் இத்தனை நேரம் காத்திருக்க முடியாது. குழாய்க்குள் நீர் உறைந்தால் வெடித்துவிடும், ஆகவே உடனே ஆள் கூப்பிடுங்கள்.

4. ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். பலகையை மூடிவிட்டு, யாரும் டப்பைத் தொடாமல் தள்ளி நிற்கும்போது ஸ்விட்சைப் போடுங்கள். விழாமல் நின்றால் சரி, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். தானாக விழுந்தால், எப்போது விழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட நொடியிலேயே விழுந்தால் ஒயரிங் அல்லது போர்டு, ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் என்றால் ஹீட்டர், ஜெட் (தண்ணீர் பீய்ச்சும் துவாரங்கள்) கிளம்பும்போது என்றால் பம்ப் மோட்டார். நிச்சயமான தீர்ப்பல்ல, ஆனால் எலக்ட்ரீஷியனுக்கு நல்ல துப்பு. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, மெக்கர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷனை (ஒயரின் மின்காப்பை) அளந்து பார்ப்பார். அதை நீங்களே முயல வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் பம்பின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கோளாறு சரியானதும், ஒயர் உள்ளே நுழையும் துளையை சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஒயர் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருக்கட்டும். அதன் வழியே வரும் மழைத்துளி அங்கேயே சொட்டிவிடும்.