பாலிசியில் தெரிந்த சொல்தான் கையைக் கடிக்கும்

'சப்ரோகேஷன்' என்று பாலிசியில் ஒரு சொல் வந்தால் யாரிடமாவது அர்த்தம் கேட்போம். 'மதிப்பு', 'நோய்', 'காத்திருப்பு' என்று வந்தால் தெரிந்த சொல்தானே என்று தாண்டிவிடுவோம். க்ளெய்ம் கேட்டுப் போகும்போது கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் காப்பீட்டுத் தொகையையே எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் என்று போட்டிருந்தால் 10 லட்சம் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆயுள் காப்பீட்டில் அது ஏறக்குறைய சரி. ஓர் உயிருக்கு விலை கணக்கிட முடியாது என்பதால், ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தருகிறார்கள். இரண்டு பாலிசி இருந்தால் இரண்டிலும் கிடைக்கும். ஆனால் வீடு, வாகனம், மருத்துவச் செலவு இவற்றுக்கான காப்பீடு பெரும்பாலும் இழப்பீட்டுக் கொள்கையில் நடப்பது. இழப்பு நேர்வதற்கு முந்தைய நொடியில் எந்த நிலையில் இருந்தீர்களோ, அந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. அங்கே 10 லட்சம் என்பது உச்சவரம்பு. ஆஸ்பத்திரி பில் 2 லட்சம் என்றால் 2 லட்சத்துக்கு மேல் வராது, எத்தனை பாலிசி வைத்திருந்தாலும். இது தெரியாமல் ஒரே செலவுக்கு இரண்டு பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அதே கணக்கில்தான் தேய்மானமும் வருகிறது. ஐந்து வருடம் ஓடிய வாஷிங் மெஷின் தீயில் போனால், அன்றைய தேதியில் அந்தப் பழைய மெஷினுக்கு என்ன மதிப்போ அதுதான் கிடைக்கும். புதிதாக வாங்கும் விலை வேண்டுமென்றால், மாற்று மதிப்பு அடிப்படையில் பாலிசி எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிரீமியம் கூடுதல்.

இன்னொரு தவறு, பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது. "முழுசா எரிஞ்சா போயிடப் போகுது? பாதிக்கு எடுத்தா போதும்" என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 50 லட்சம் பெறுமானமுள்ள கட்டடத்தை 25 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலறைப் பக்கம் மட்டும் தீப்பிடித்து 10 லட்சம் சேதம். 10 லட்சம் 25 லட்சத்துக்குள்தானே அடங்குகிறது, முழுதாக வந்துவிடும் என்று நினைப்போம். பாலிசியில் ஆவரேஜ் விதி இருந்தால் 5 லட்சம்தான் வரும். பாதி மதிப்புக்கு மட்டும் காப்பீடு செய்தவர், மீதிப் பாதியின் ஆபத்தைத் தானே சுமக்கிறார் என்று அந்த விதி எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு சின்னச் சேதமாக இருந்தாலும் அதே விகிதம்தான். 'ஆவரேஜ்' என்ற சொல்லைப் பார்த்து யாருக்கு இதெல்லாம் தோன்றும்? கட்டுமானச் செலவு வருடா வருடம் ஏறுவதால், நேர்மையாக எடுத்த பாலிசிகூட நாலைந்து வருடத்தில் இந்தப் பள்ளத்தில் விழலாம்.

டிடக்டிபிள், கோ-பே இரண்டையும் குழப்பிக்கொள்வது அடுத்தது. டிடக்டிபிள் என்பது முதலில் நம் கையிலிருந்து போகும் குறிப்பிட்ட தொகை. கோ-பே என்பது சதவீதப் பங்கு. 1,00,000 பில்லில் டிடக்டிபிள் 20,000, கோ-பே 10 சதவீதம் என்றால், வழக்கமாக முதலில் 20,000 கழியும். மிச்சமுள்ள 80,000இல் 10 சதவீதமான 8,000மும் நம்முடையது. ஆக 28,000. டிடக்டிபிள் வருடத்துக்கு ஒரு முறையா, ஒவ்வொரு க்ளெய்முக்குமா என்பதையும் கட்டாயம் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, உண்மையை மறைப்பது. 'கேட்கவில்லை, சொல்லவில்லை' என்ற சாக்கு எடுபடுமா என்ற சண்டை பழையது. சுமத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையை எதிரிகள் பிடித்துவிட்டால் பணம் தர வேண்டும் என்று அதன் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டருக்காக லண்டனில் ஒரு காப்பீடு எடுக்கப்பட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும்விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்று சொல்லவில்லையே என்று காப்பீடு கொடுத்த போம் என்பவர் பணம் தர மறுத்தார். 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற விதியை வகுத்துவிட்டு, தீர்ப்பைக் கார்ட்டர் பக்கமே கொடுத்தார். காப்பீடு கொடுத்தவர் தானே அறிந்திருக்கக்கூடிய ஒன்றை, காப்பீடு எடுத்தவர் மறைத்ததாகச் சொல்ல முடியாது என்பது வாதம். பல நாட்டுச் சட்டங்களுக்கு இந்த விதிதான் அடித்தளம். பிரிட்டனிலேயே 2012ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களின் சுமையைக் குறைத்து, கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும் என்றாக்கியது. ஆனால் உங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கோட்டைச் சுவர் மாதிரி வெளியே தெரிவதில்லை. விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. போடுவதற்கு முன் ஒவ்வொரு பதிலையும் படித்துவிடுங்கள்.

காத்திருப்புக் காலத்தையும் விலக்குகளையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். விலக்கு என்றால் அந்தப் பாலிசியில் அதற்குப் பணமே கிடையாது. காத்திருப்பு என்றால் குறிப்பிட்ட காலம் கழிந்த பிறகு உண்டு. அதனால்தான் பிரீமியம் கட்டத் தவறி பாலிசி லேப்ஸ் ஆவது, பார்ப்பதைவிடப் பெரிய நஷ்டம். சலுகை நாள்களும் தாண்டிவிட்டால், பல மருத்துவ பாலிசிகளில் அதுவரை காத்திருந்த மாதங்கள் கணக்கில் வராமல் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.