புது வருசப் பட்டியலில் வெப் டெவலப்பர்கள் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், ஓசூரிலும் தருமபுரியிலும் வெப் டெவலப்மென்ட் படிக்கிற பிள்ளைகள் புது வருசத்தில் படிக்க வேண்டிய கருவிகள் என்று ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள்: ரியாக்ட், நோட், டாக்கர், ஏடபிள்யூஎஸ். பத்து வருசத்துக்கு முன்னால் அதே இடத்தில் ஜேகுவரியும் ஆங்குலரும் இருந்தன. பெயர்கள்தான் மாறுகின்றன. தினமும் படி, நேரத்துக்குத் தூங்கு என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடலாம்.

‘கோர்ஸை முடிப்பேன்’ என்பதையே இலக்காக வைப்பது

வருசா வருசம் பார்த்தும் எரிச்சல் தீராத தப்பு இதுதான். 40 மணி நேர வீடியோவை வாங்கி, சொல்லித் தருபவர் அடிப்பதை அப்படியே அடித்து, முடித்ததும் சான்றிதழை எடுத்து வைப்பார்கள். பிறகு காலி ஃபோல்டரைத் திறந்தால் முதல் வரிக்கே கை நின்றுவிடும். காரணம் எளிது. சொல்லித் தருபவர் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தாரோ அதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் வீடியோவைப் போடுகிறார். வேலையில் சம்பளம் தருவதோ அந்த வெட்டிய பகுதிக்கு.

இலக்கை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மே மாதம் மாங்காய் வரத்து சூடு பிடிப்பதற்குள், ஒரு மண்டியில் பில் போட ஒரு பக்கம்.’ விவசாயி பெயர், ரகம் (பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, நீலம்), எடை, கிலோ விலை என்று நான்கு கட்டம். பக்கத்தின் அமைப்புக்கு ஒரு எச்டிஎம்எல் ஃபைல், கணக்குப் போட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் போதும். இந்தச் சின்ன பக்கத்துக்குள் ஒரு வருசப் பாடம் இருக்கிறது.

முதலில் எடை. கட்டத்தில் அடித்த எண் ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுத்தாகத்தான் வந்து சேரும். 20 கிலோவோடு 5 கிலோ கூட்டினால் 205 என்று நிற்கும். நம்பராக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். பெருக்கும்போது தானாகவே எண்ணாகிவிடுவதால், ஒரே மூட்டை வரும் நாளில் இந்தப் பிழை கண்ணில் படாது.

அடுத்தது பணம். ஜாவாஸ்கிரிப்டில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.

மூன்றாவது தேதி. தேதியை எழுத்தாக்கும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) கட்டளை தருவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அதிகாலை 5 மணிக்குப் போட்ட பில்லில் நேற்றைய தேதி விழும், 6 மணி பில்லில் சரியாக இருக்கும். பகலில் சோதித்தால் ஒருநாளும் சிக்காது. வருடம், மாதம், நாள் தரும் கெட்ஃபுல்இயர், கெட்மந்த், கெட்டேட் கட்டளைகளைக் கொண்டு தேதியைக் கட்டுங்கள். மாதம் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்று கூட்ட வேண்டும்.

கடைசியாக ஃபெட்ச், அதாவது பில்லை சர்வருக்கு அனுப்பும் கட்டளை. சர்வர் 404 (கேட்டது இல்லை) சொன்னாலும் 500 (சர்வரில் கோளாறு) சொன்னாலும் ஃபெட்சுக்கு அது தோல்வி இல்லை, பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குள் போகாது. சர்வர் தந்த பதிலின் (ரெஸ்பான்ஸ்) ஓகே மதிப்பைப் பார்க்காமல் ‘பில் சேமிக்கப்பட்டது’ என்று காட்டினால், சேராத பில்லுக்கு மண்டிக்காரர் தலையாட்டிக்கொண்டிருப்பார். சிக்னல் மெதுவாக இருந்தால் அவர் பொத்தானை இரண்டு முறை அமுக்கவும் செய்வார், ஒரே மூட்டைக்கு இரண்டு பில் விழும். முதல் அமுக்கலிலேயே பொத்தானை முடக்குங்கள், பில்லுக்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்காதபடியும் செய்யுங்கள். குரோம் பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பக்கம் போய் வேகத்தைக் குறைத்து ஒருமுறை, சர்வரில் இல்லாத முகவரிக்கு அனுப்பி ஒருமுறை சோதித்தால் இந்த இரண்டும் அன்றைக்கே வெளியே வரும்.

மாதம் ஒரு தொழில்நுட்பம்

பன்னிரண்டு மாதத்துக்கும் ‘ஹலோ வேர்ல்டு’ என்று திரையில் காட்டும் முதல் பாடம் மட்டும் மிஞ்சும்.

தேதி பார்க்காமல் பாடம் எடுப்பது

ரியாக்ட் திட்டத்தைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பிப்ரவரியிலேயே கைவிடப்பட்டது. அதில் தொடங்கும் வீடியோவைப் பிடித்துக்கொண்டு, எச்சரிக்கை வரிகளோடு இரண்டு நாள் மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே வேலைக்கு வீட் (Vite) போதும்.

பஸ்ஸில் வீடியோ

ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகிற நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெப் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் தளத்தின் பக்கங்களைப் படிக்க அது நல்ல நேரம். கீபோர்டு இல்லாமல் கோடிங் பழக முடியாது.

ஏஐ எழுதித் தந்ததை அப்படியே ஒட்டுவது

வரிக்கு வரி விளக்க முடியாததை ஒட்டாதீர்கள்.

லேப்டாப்போடு நிறுத்திவிடுவது

மண்டியில் இருப்பது செல்போன். லேப்டாப்பில் ஓடும் பக்கத்தை அதே வைஃபையில் 192.168 என்று தொடங்கும் முகவரி போட்டு செல்லில் திறந்தால், தனி அடையாள எண் உருவாக்கும் கிரிப்டோவின் ராண்டம்யூயூஐடி கட்டளை வேலை செய்யாது. அது பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் கிடைக்கும். லேப்டாப் தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு மட்டும் சலுகை உண்டு. பில் எண்ணை அதில் உருவாக்கியிருந்தால் லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கும், செல்லில் பொத்தான் அமுக்கினால் ஒன்றுமே நடக்காது. பிப்ரவரியிலேயே எச்டிடிபிஎஸ் தரும் ஒரு இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு மிச்சத்தை எழுதுங்கள்.