பழைய பிக்கப்பில் பிரேக்கும் கியரும் சேர்ந்தே மக்கர் செய்தால்

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய பெட்ரோல் பிக்கப்பில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகி, கியரும் தாமதமாக, வெட்டி வெட்டி விழுகிறதா? கியர்பாக்ஸைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கியிருந்தால் முதல் சந்தேகம் வேக்குவம் மீதுதான். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கும், பல பழைய கியர்பாக்ஸ்களில் கியர் மாறுவதைச் சீராக்கும் வேக்குவம் மாடுலேட்டருக்கும் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) இருந்துதான் அந்த உறிஞ்சு விசை போகிறது.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லையா? பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது.

அப்புறம், எஞ்சின் ஆறியதும் மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கியர் ஆயில் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது. மாடுலேட்டரை மாற்றியே ஆக வேண்டும். எங்கும் ஒழுகாமலே ஆயில் குறைவதும், சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும் இதனால் இருக்கலாம். ஹோஸ் காய்ந்திருந்தால் அதன் முனையில் வேக்குவம் கேஜை மாட்டுங்கள். ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) பொதுவாக 17 முதல் 21 இஞ்ச் மெர்க்குரி காட்டும்; மலைப்பகுதியில் கொஞ்சம் குறையும். ரொம்பக் குறைந்தால் ஹோஸ்களின் வளைவையும் முனையையும் தடவிப் பாருங்கள், ரப்பர் அங்கேதான் முதலில் வெடிக்கும். பெடல் சரியாகும்வரை வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம்.